வீடு வாங்கப் போறீங்களா? வில்லங்கம் பத்திரத்தில் மட்டுமில்ல, சுவரிலும் இருக்கலாம்!

தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என எந்த ஊரில் வீடு விலைக்கு வந்தாலும், வாங்குபவர்கள் முதலில் எடுப்பது வில்லங்கச் சான்றுதான். பட்டா யார் பெயரில் இருக்கு, மூலப்பத்திரம் இருக்கா, மனைக்கு டிடிசிபி அனுமதி உண்டா... இதையெல்லாம் வக்கீல் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆனால் அந்தக் கட்டடம் உறுதியா இருக்கா என்று யார் பார்ப்பது? பல வீடுகளில் வாஸ்து பார்க்க வருபவரோடு அந்தக் கதை முடிந்துவிடுகிறது.

அதிகாரிங்க பார்த்திருப்பாங்களே?

பலரும் நம்பி ஏமாறும் இடம் இதுதான். 2024 ஜூலை 22-ல் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று திட்டத்தில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனில் உடனடி அனுமதி கிடைக்கும். அனுமதிக்கு முன் கள ஆய்வு கிடையாது, கட்டி முடித்த பிறகு பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை. சொந்தமாக வீடு கட்டுபவருக்கு இது பெரிய நிம்மதி. அதே வீட்டை நாளைக்கு விலைக்கு வாங்குபவருக்கு?

ரெரா சட்டம் இருக்கே என்று கேட்கலாம். ரெராவில் பதிவான திட்டம் என்றால், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் கட்டுவது, 8 வீடுகளுக்கு மிகாத திட்டம் போன்றவற்றுக்குப் பதிவு கட்டாயமில்லை. தனி வீடுகளே அதிகம் கைமாறும் கம்பம் பள்ளத்தாக்கில் இந்தப் பாதுகாப்பு பலருக்குக் கிடைப்பதில்லை.

பேங்க் லோனுக்கு வரும் இன்ஜினியர்? கடனைத் திரும்ப வசூலிக்கும் அளவுக்கு வீடு விலை போகுமா என்பதுதான் அவருக்கு முக்கியம். பத்திரப் பதிவுக்காக நடக்கும் கட்டட ஆய்வும் முத்திரைத் தீர்வைக்கான மதிப்பைப் பார்ப்பதோடு சரி. அஸ்திவாரம் இவர்கள் யார் கணக்கிலும் வராது.

அனுமதி இருந்தாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 2014 ஜூன் 28-ல் சென்னை மவுலிவாக்கத்தில் இடிந்து விழுந்து 61 பேரைப் பலிகொண்ட 11 மாடிக் கட்டடத்துக்கு சிஎம்டிஏ திட்ட அனுமதி இருந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

வயலில் முளைத்த வீடுகள்

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் சாகுபடி நடக்கிறது. ஊரை ஒட்டிய வயல்கள் மனைகளாவதும் புதுசு இல்லை. களிமண் கலந்த நஞ்சை நிலம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே கிராவல் கொட்டி மேடாக்கி, அஸ்திவாரத்தை ஆழமாக இறக்காமல் கட்டியிருந்தால், ரெண்டு மூணு வருஷத்தில் சுவர் பேச ஆரம்பித்துவிடும். எனவே பழைய சிட்டாவில் அந்த இடம் நன்செய் என்று இருந்ததா எனப் பாருங்கள். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், பில்லர் போட்டதா என்று கட்டிய மேஸ்திரியிடமே விசாரிக்கலாம்.

ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலையும், படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசலையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பூச்சில் மட்டும் தெரியும் நூல் விரிசல் வேறு. சுவரின் அடிப்பக்கம் உப்பு பூத்தோ பெயின்ட் உரிந்தோ இருந்தால் ஓதம் ஏறுகிறது என்று அர்த்தம். விற்பதற்கு முன் புது பெயின்ட் அடித்து இதை மறைப்பது ரொம்ப சாதாரணம். அதனால் ஹாலை ரசிப்பதை விட்டுவிட்டு பாத்ரூமுக்குப் பின்சுவர், மாடிப்படிக்கு அடிப்பகுதி, அலமாரியின் உள்பக்கம் பாருங்கள். அங்கே யாரும் பெயின்ட் அடித்திருக்க மாட்டார்கள்.

வழக்கமாக ஜூனில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். வாய்க்கால் ஓடும்போது ஒருமுறை, கோடையில் ஒருமுறை போனால் ஒரே வீடு ரெண்டு முகம் காட்டும். காற்றாலைகள் நிற்கும் அளவுக்குக் கணவாய்க் காற்று அடிக்கிற ஊர் என்பதால், சாரல் மோதும் மேற்குச் சுவரும் மாடியில் போட்ட ஷீட்டும் தனியாகக் கவனிக்க வேண்டியவை. போடி, பெரியகுளம் பக்கம் பழைய ஓட்டு வீடு என்றால் உத்திரத்தில் கரையான் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

பார்க்காமல் விட்டால்?

1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, தனக்குத் தெரிந்த முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே கண்டுபிடித்திருக்கக்கூடிய குறைக்கு இது பொருந்தாது. கண்ணுக்குத் தெரிந்த விரிசலைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு விற்றவர் மேல் வழக்குப் போட்டால் நிற்பது கஷ்டம்.

அமெரிக்காவில் வீட்டு ஆய்வு என்பது தனித் தொழில். ஆய்வு திருப்தியாக இல்லாவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே சேர்ப்பது அங்கே வழக்கம். இங்கேயும் கிரய ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி எழுதத் தடை இல்லை. விற்பவரோ தரகரோ கைகாட்டாத சிவில் இன்ஜினியர் ஒருவரை அழைத்துப் போய், அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். சீலிங்கில் கம்பி துரு, மாடித் தளத்தில் நீர்க்கசிவு, எர்த், செப்டிக் டேங்குக்கும் போர்வெல்லுக்கும் உள்ள தூரம் எல்லாம் அதில் இருக்கட்டும். இது அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நடக்க வேண்டும். கொடுத்த பிறகு தெரியும் விரிசலை வைத்து விலை பேச முடியாது.