6 நிமிட இருட்டுக்கு லட்சக்கணக்கில் செலவா? கிரகணச் சுற்றுலாவில் எதை விற்கிறார்கள்?

2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சர் நகரில் பட்டப்பகலில் 6 நிமிடங்களுக்கு மேல் இருட்டப் போகிறது. இந்த முழு சூரிய கிரகணத்தைப் பார்க்க நைல் நதியில் சொகுசுக் கப்பல், ஐந்து நட்சத்திர ஹோட்டல், விளக்கம் சொல்ல ஒரு வானியலாளர் என்று லட்சக்கணக்கில் பேக்கேஜ்கள் விற்கிறார்கள். ‘நிழலைப் பார்க்க இவ்வளவு காசா?’ என்று கேட்கத் தோணும். நியாயமான கேள்விதான்.

முதலில், போவதே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். சூரியன் 99 சதவீதம் மறைந்தாலும் மிச்சமிருக்கும் ஒரு சதவீத வெளிச்சம் போதும், அதைச் சுற்றியுள்ள கரோனா கண்ணுக்குத் தெரியாது. முழுசா மறைஞ்சாதான் தெரியும். ஒரே ஊரில் இது நடக்க சராசரியாக 375 ஆண்டுகள் ஆகும். நிழல் நம்மைத் தேடி வராது, நாமதான் போகணும்.

அப்படியென்றால் சொகுசுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு எதற்கு? பல நேரம் மேகத்துக்குப் பயந்துதான். 2009 ஜூலை 22 அன்று பிகாரின் தாரேக்னாவில் முழு கிரகணம் பார்க்கப் பெருங்கூட்டம் கூடியது. பகல் இருண்டது, ஆனால் மழைக்கால மேகத்தில் சூரியனே தெரியவில்லை. அதே காலையில் டெல்லியிலிருந்து தனி விமானத்தில் போனவர்கள் மேகத்துக்கு மேலே இருந்து பார்த்தார்கள். சூரியன் தெரியும் பக்கத்து ஜன்னல் சீட்டுக்குத் தனி விலை. அங்கே காசுக்கு உண்மையிலேயே ஒரு பலன் இருந்தது.

லக்சரில் அந்தக் கதை இல்லை. அங்கே மழையே அபூர்வம், ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கிரகணம் மதியம் 1 மணியளவில் வருவதால் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேலே நிற்கும். கட்டடமோ மரமோ மறைக்காது. கப்பல் மேல்தளத்தில் இருப்பவருக்கும், பக்கத்துத் தெரு மொட்டை மாடியில் துணி காயப்போடுபவருக்கும் ஒரே காட்சிதான். ஆக, அங்கே விற்பது கிரகணம் இல்லை, ஏசியும் சாப்பாடும்தான். வேணும்னா வாங்கிக்கலாம், தப்பில்லை.

ஆனால் ஒன்றில் மட்டும் பணம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் நிஜமான வித்தியாசம் வரும். அது கண்ணாடி. சூரியன் முழுதாக மறையும் முன்பும், மறைந்து வெளிவந்த பின்பும் வெறும் கண்ணால் பார்த்தால் விழித்திரை பாதிக்கும். அப்போது வலிகூடத் தெரியாது. பயணியின் பையில் தரமான கிரகணக் கண்ணாடி கட்டாயம் இருக்கும். அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் இருக்குமா?

காகிதச் சட்டம் போட்ட அந்தக் கண்ணாடிக்குப் பெரிய விலை கிடையாது. லட்சங்களில் பேக்கேஜ் விற்பவர்கள், ஒரு பயணிக்குப் பத்து கண்ணாடி வீதம் உள்ளூர்ப் பள்ளிகளுக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அரசே இதை ஒரு நிபந்தனையாக வைக்கலாம்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. 2034 மார்ச் 20 அன்று முழு கிரகணத்தின் நிழல் காஷ்மீர், லடாக் பகுதியைத் தொடும். சொகுசுக் கூடாரங்கள் எப்படியும் முளைத்துவிடும். அந்த ஊர்ப் பிள்ளைகள் அன்று கண்ணாடியோடு வெளியே நிற்பாங்களா, கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே இருப்பாங்களா என்பதை இப்பவே யோசிக்கலாம்.