அம்மையாரும் கச்சேரி வாசலும்

சென்ற வாரம் உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், உலகத்திலேயே முதலாவது பெண் பிரதமர் எங்கள் நாட்டவர்தானே? அதை ஏன் எங்கள் வீடுகளில் ஒருவரும் பெருமையாகச் சொல்வதில்லை?" என்று கேட்டாள். பாடப் புத்தகத்தில் அதற்கு விடை கிடையாது. நான் வாய் திறப்பதற்குள் மணியும் அடித்துவிட்டது. ஆசிரியனுக்கு மணி சில வேளைகளிற் பேருதவி செய்வதுண்டு! ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கடற்கரை வீதி வழியே வீடுவரை கூடவே நடந்து வந்தது. அவளுக்குச் சொல்லத் தவறியதை இப்பகுதியில் எழுதிப் பார்க்கிறேன். வாசக நேயர்கள் பொறுத்தருள்வார்களாக.

உண்மையில், எங்கள் வீட்டில் அதைப் பெருமையாகச் சொன்னவர் ஒருவர் இருந்தார். அவர் என் பாட்டியார். 1960ஆம் ஆண்டு யூலை 21ஆந் திகதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா அம்மையார் பிரதமராகச் சத்தியப் பிரமாணம் செய்துகொண்ட செய்தியை, வேலிக்கு மேலால் அயல் வீட்டாருக்கு முதலிற் சொன்னவர் தாமே என்பது பாட்டியாரின் வாதம். "ஒரு பொம்பிளை ஆளப்போறா தம்பி! அதைக் கேட்டு எங்கட ஆம்பிளையள் முகம் போன போக்கை நீ பாத்திருக்க வேணும்" என்று சிரிப்பார். அதே பாட்டியார்தாம், எட்டு மாதங்கள் செல்லுமுன், மூன்று வயதுக் குழந்தையாயிருந்த என் தாயாரை மடியில் இருத்திக்கொண்டு, அதே அம்மையாரின் அரசாங்கத்துக்கு எதிராகத் திருகோணமலைக் கச்சேரி வாசலிற் போய்க் குந்தியிருந்தார். இவ்விரண்டையும் ஒரே குரலிற் சொல்வார். ஒன்றுக்காக மற்றொன்றை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை.

அம்மையார் அரசியலுக்கு வந்த விதத்தை இளந்தலைமுறையினர் அறிந்திருத்தல் நன்று. 1916 ஏப்ரில் 17இல் கண்டிய உயர்குடியான இரத்வத்தைக் குடும்பத்திற் பிறந்தவர். பௌத்தராயினும் கொழும்பில் கத்தோலிக்கக் கன்னியர் மடப் பாடசாலையிற் கற்றவர். 1940இல் பண்டாரநாயக்காவை மணந்து, மூன்று பிள்ளைகளை வளர்த்து, மகிளா சமிதி மூலம் கிராமப் பெண்களிடையே தொண்டாற்றி வந்தார். 1959 செப்டெம்பரில் அவருடைய கணவர் பிக்கு ஒருவரின் துப்பாக்கிக்கு இரையானார். அடுத்த ஆண்டு மேடைகளில் கணவரின் குரல் ஒலிநாடாவில் ஒலிக்க, மனைவி வெள்ளைச் சேலையில் நின்றார். எதிர்த்தரப்பினர் 'அழும் விதவை' என்று எள்ளினர். அந்த விதவையின் கட்சி 75 ஆசனங்களைப் பெற்றது. அவரோ அத்தேர்தலிற் போட்டியிடவே இல்லை. நாட்டின் தலைமையை ஏற்ற பின் செனற் சபை வழியாகவே சட்டசபைக்குள் நுழைந்தார். இந்திராகாந்தி அம்மையார் பிரதமராவதற்கு இன்னும் ஆறு ஆண்டுகளும், கோல்டா மேயருக்கு ஒன்பது ஆண்டுகளும் இருந்தன. அடுப்படியிலிருந்து வந்தவர் ஆறு மாதமும் தாங்கமாட்டார் என்று கருதியவர்கள் ஏமாந்தனர். 1962 சனவரியிற் பொலிசாரும் படை அதிகாரிகளும் கூடிச் செய்த சதி முளையிலேயே கிள்ளப்பட்டது, அம்மையார் அசையவில்லை.

தமிழருக்கோ அவரிடம் தொடக்கத்தில் நம்பிக்கையே இருந்தது. 1960 ஏப்ரிலில் டட்லி சேனநாயக்காவின் குறுகிய கால அரசாங்கத்தைக் கவிழ்த்த வாக்குகளில் தமிழரசுக் கட்சியின் வாக்குகளும் இருந்தன. அதனாலேயே ஏமாற்றம் இரட்டிப்பாயிற்று. 1961 சனவரி முதலாந் திகதி தொட்டுச் 'சிங்களம் மட்டும்' சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி முன்பு தொடங்கிய சத்தியாக்கிரகம் மட்டக்களப்புக்கும் எங்கள் ஊருக்கும் பரவியது.

ஆண்களைப் போலவே பெண்களும் வந்து வாசலை மறித்து அமர்ந்தமை அந்நாளிற் புதுமை. வெயிலைப் பற்றியும், யாரோ செம்பிற் கொண்டுவந்து சுற்றிக் கொடுத்த மோரைப் பற்றியும், குழந்தையின் அழுகையை அடக்கப் பட்ட பாட்டைப் பற்றியும் பாட்டியார் விரிவாகச் சொல்வார், அரசியலைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிடுவார்: "அவவும் பிள்ளை பெத்தவதானே, கேப்பா எண்டு நினைச்சம்."

அம்மையார் அந்த மார்ச் மாதத்திற் பொதுநலவாயப் பிரதமர்கள் மகாநாட்டுக்காக இலண்டனில் இருந்தார். தென்னாபிரிக்காவின் நிறவெறிக் கொள்கையே அங்கு பெரும் விவகாரம். அந்த நாடு பொதுநலவாயத்தை விட்டு வெளியேறியதும் அப்போதுதான். அங்கே அவர் மனித சமத்துவத்தின் பக்கம் நின்றார். திரும்பி வந்த பின், ஏப்ரில் 17இல் அவசரகாலச் சட்டம் பிரகடனமாயிற்று. சத்தியாக்கிரகிகள் கலைக்கப்பட்டனர், தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமிற் தடுத்து வைக்கப்பட்டனர். அன்று அம்மையாரின் பிறந்த நாள் என்பதைப் பிற்காலத்தில் நானே நாட்காட்டி பார்த்துக் கண்டுகொண்டேன். பாட்டியாருக்கு அதை நான் சொல்லவில்லை.

இனித் துறைமுகத்தின் கதை. அம்மையாரின் வெளிநாட்டுக் கொள்கையை மெச்சாமல் என்னால் எழுத முடியாது. அதற்குக் காரணம் எங்கள் ஊரே. 1942 ஏப்ரில் 9இல் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தபோது, பாட்டியார் பன்னிரண்டு வயதுச் சிறுமி. ஊரே காட்டுப் பக்கம் ஓடியதாம். கப்பற்படை நிற்கும் துறைமுகத்தைத் தேடிக் குண்டும் வரும் என்பதை நாங்கள் புத்தகத்திற் கற்கவில்லை. 1957இல் அம்மையாரின் கணவர் காலத்திற் பிரித்தானியக் கடற்படை இங்கிருந்து விடைபெற்றது. அவர்களை நம்பிச் சீவித்த குடும்பங்கள் கலங்கியது மெய். ஆனால் வாசலில் நின்ற யுத்தம் போயிற்று.

கணவர் ஒரு துறைமுகத்துக்குச் செய்ததை மனைவி ஒரு சமுத்திரத்துக்குச் செய்ய முனைந்தார். 1971 ஒக்ரோபரில் ஐக்கிய நாடுகள் சபையிற் பேசிய அம்மையார், இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க வேண்டுமென்று கோரினார். தியாகோ கார்சியாத் தீவில் அமெரிக்கர் தளம் அமைக்கத் தொடங்கியிருந்த வேளை அது. டிசெம்பர் 16இல் தீர்மானம் நிறைவேறியது. ஆதரித்தோர் 61, எதிர்த்தோர் ஒருவருமிலர், வாக்களியாது ஒதுங்கியோர் 55; அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரித்தானியாவும் அந்த ஒதுங்கியோர் வரிசையில். வல்லரசுகள் அதனை மதிக்கவில்லை என்பது வேறு விடயம். சிறிய தீவொன்றின் பெண் அச்சபையில் எழுந்து அதைக் கேட்டாரே, அதற்குத் துணிவு வேண்டும்.

ஆனால் அதே 1971ஆம் ஆண்டில் நாட்டுக்குள்ளே என்ன நடந்தது? ஏப்ரிலிற் தென்னிலங்கை இளைஞர் ஆயுதமேந்த, ஆயிரக்கணக்கில் மாண்டனர். பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்தது. மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழி மூல மாணவர் 229 புள்ளி பெற்றாற் போதும். தமிழ் மொழி மூல மாணவர் 250 பெறவேண்டும். (1974இல் வந்த மாவட்டப் பங்கீட்டினால் பின்தங்கிய எங்கள் மாவட்டம் ஓரளவு நன்மை பெற்றதென்பதையும் ஆசிரியன் மறைக்கலாகாது.) மறு ஆண்டு மே 22இற் குடியரசு அரசியலமைப்பு வந்தது. சிறுபான்மையினருக்குச் சோல்பரி யாப்பு தந்திருந்த 29ஆம் பிரிவுக் காப்பு அதில் இல்லை. அதற்கு எட்டு நாட்களுக்கு முன், மே 14இல், தமிழ்க் கட்சிகள் கூடித் தமிழர் கூட்டணியை அமைத்தன. கூடிய இடம் எங்கள் திருகோணமலை! நியூயோர்க்கிற் சமாதானம் கேட்ட குரல், இங்கே எழுந்த குரலைக் கேட்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1964இற் சாஸ்திரியாருடன் செய்த ஒப்பந்தம், நாடற்று நின்ற மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. பிரிந்த குடும்பங்களை எந்தக் கணக்கிற் சேர்ப்பது? 1977 தேர்தலில் அம்மையாரின் கட்சி எட்டு ஆசனங்களுக்குச் சுருங்கியது. எதிர்க்கட்சித் தலைவராய் அமர்ந்தவரோ அமிர்தலிங்கம்! 1980இல் அம்மையாரின் குடியியல் உரிமை பறிக்கப்பட்டது. பாராளுமன்ற ஆசனமும் போயிற்று. 1994இல் மகள் சந்திரிகா சனாதிபதியாக, தாய் மூன்றாம் முறை பிரதமரானார். அதிகாரம் மகளிடம், பதவிப் பெயர் தாயிடம்.

2000 ஒக்ரோபர் 10 தேர்தல் நாள். அத்தனகல்லையில் வாக்களித்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பும் வழியில் அம்மையார் காலமானார். அன்று மாலை வானொலிச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டியார், திடீரென்று வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். சிறிது நேரம் பேசவில்லை.

"அவவின்ர உரிமையையும் ஒருக்காப் பறிச்சவங்கள் எல்லோ?" என்று கேட்டார். ஆம் என்றேன்.

"வாக்குப் போட்டிட்டுத்தான் போயிருக்கிறா" என்றார். பிறகு எழுந்து, விளக்கு வைக்கும் நேரமாயிற்று என்று உள்ளே சென்றார்.