கோழி வேஷம் யாருக்குச் சொந்தம்?

நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆகணும் என்பார்கள். சரி, குரைத்துக் குரைத்தே ஒருவன் பேர் வாங்கிவிட்டால்? அந்தப் பேர் அவனுக்கா, வேஷம் தைத்துக் கொடுத்த முதலாளிக்கா?

அமெரிக்காவில் இதற்காக ஒரு கேஸே நடந்தது.

அங்கே விளையாட்டு டீம்களுக்கு 'மாஸ்காட்' உண்டு. கரடி, கழுகு என்று வேஷம் கட்டிய ஆள் மைதானத்தில் குட்டிக்கரணம் அடித்து ஜனங்களைச் சிரிக்க வைப்பார். அதுதான் பிழைப்பு.

1974-ல் சான் டியாகோ நகரில் டெட் ஜியானூலாஸ் என்ற கல்லூரி மாணவருக்கு ஒரு ரேடியோ நிலையம் கோழி வேஷம் மாட்டியது. மிருகக்காட்சி சாலையில் குழந்தைகளுக்கு ஈஸ்டர் முட்டை கொடுக்கிற வேலை. கூலி மணிக்கு 2 டாலர். அதே வேஷத்தில் 'பேட்ரஸ்' பேஸ்பால் டீமின் ஆட்டங்களுக்குப் போனார். ஊருக்கே செல்லப்பிள்ளை ஆனார்!

1979-ல் தகராறு. ரேடியோக்காரர்கள் சீட்டைக் கிழித்தார்கள். கேஸும் போட்டார்கள். அதே வேஷத்தை வேறொருவருக்கு மாட்டி அனுப்பினார்கள். ஜனங்கள் சும்மா விடுவார்களா? கூச்சல் போட்டார்கள். இறகு அதேதான், அலகு அதேதான், ஆள் வேறு என்று கண்டுபிடித்துவிட்டார்கள்!

ஜூன் 29-ந் தேதி ஜியானூலாஸ் புது வேஷத்தில், ராட்சத முட்டையை உடைத்துக்கொண்டு மைதானத்தில் குதித்தார். பார்க்க வந்த கூட்டம் 47 ஆயிரத்துக்கு மேல். எந்தக் கோழி வேஷமும் போடாதே என்று தடுப்பது ஒருவன் பிழைப்பில் கை வைப்பது என்று 1980-ல் அப்பீல் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

பிலடெல்பியாவில் 'பில்லீஸ்' டீம் ஆபீசில் சின்ன வேலை பார்த்தவர் டேவ் ரேமண்ட். 1978-ல் பச்சை வேஷம் மாட்டியவர் 1993 வரை ஆடினார். பிறகு வேஷம் கட்டுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் தொழிலில் இறங்கினார். வேஷம் டீமோடு நின்றது. வித்தை அவரோடு வந்தது.

இந்த வேலை லேசு அல்ல. உள்ளே அனல், வேர்வை கொட்டும். பெரும்பாலும் பேசக் கூடாது. முகமும் தெரியாது. இவன் போனால் இன்னொருவன் என்று முதலாளி நினைப்பது அதனால்தான்.

ஆகவே இந்தத் தொழிலுக்குப் போகிற பிள்ளைகளே, கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். வேலை போனால் வேறு இடத்தில் ஆடலாமா? அடிபட்டால் ஆஸ்பத்திரி செலவு யாருடையது? கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தோல் முதலாளிக்குச் சொந்தம். துள்ளல் தொழிலாளிக்குச் சொந்தம். அதையும் சேர்த்து 2 டாலருக்கு வாங்கிவிட முடியாது!