தள்ளி நின்று பாருங்கள்

"என்னடீ இது, படம் முழுக்க வேர்க்குரு வந்தாப்போல இருக்கே!" என்றாள் பாட்டி.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படப் புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் பிடித்தால் வேறு எப்படி இருக்கும்? புத்தகத்தை வாங்கி, கூடத்துக் கோடியிலுள்ள அலமாரி மேல் நிமிர்த்தி வைத்தேன். பாட்டி ஊஞ்சலில் இருந்தபடியே பார்த்தாள்.

"அடடே, பொழுது சாயறதே! ஜலமெல்லாம் தகதகன்னு மின்னறதே!"

பாட்டி கண்டது, பிரெஞ்சு தேசத்தின் தென்கரையில் ஸான் ட்ரோபே என்ற துறைமுகப் பட்டினத்தின் அந்திப்பொழுது. 1892-ல் பால் ஸின்யாக் தீட்டிய சித்திரம். வர்ணங்களைக் குழைத்துப் பூசாமல் பொட்டுப் பொட்டாகவே வைத்திருக்கிறார்.

குழைக்கக் குழைக்க வர்ணம் மங்கிவிடும். தனித்தனியே பக்கத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் தன் ஒளியோடு நிற்கும். கலக்கிற வேலையைக் கண் பார்த்துக்கொள்ளும். நமக்குத் தெரியாத வித்தையா இது? மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். மயில் கழுத்து நம் கண்ணில்தானே பிறக்கிறது!

இந்த வழியைக் கண்டவர் ஸின்யாக்கின் அருமை நண்பர் ஜார்ஜ் ஸெரா. பத்தடி அகலச் சித்திரம் ஒன்றை 1884-ல் தொடங்கி 1886-ல்தான் காட்சிக்கு வைத்தார் என்றால், அவருடைய பொறுமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலனுக்கு அந்தப் பொறுமை இல்லை. 1891 மார்ச்சில் திடீரென்று நோய் கண்டு, 31-வது வயதில் ஸெரா போய்விட்டார்.

மறு வருஷம் ஸின்யாக் தம் பாய்மரப் படகில் ஸான் ட்ரோபே வந்து சேர்ந்தார். புள்ளி வைத்துக்கொண்டிருந்த பிஸ்ஸாரோ என்ற பெரிய ஓவியர் அதைக் கைவிட்டார். ஸின்யாக் விடவில்லை. 1899-ல் அந்த முறைக்காக வாதாடி ஒரு புத்தகமே எழுதினார். 1935-ல் மறையும் வரை, நண்பர் காட்டிய வழியிலேயே தமக்கென்று ஒரு பாதை போட்டுக்கொண்டு நடந்தார்.

கதையைக் கேட்டுவிட்டுப் பாட்டி மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"சிநேகிதன் போன மறு வருஷம் எழுதினதா? கறுப்பே காணோமே!"

"அவர்கள் கறுப்பைத் தட்டிலேயே வைத்துக்கொள்ள மாட்டார்களாம், பாட்டி."

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. புத்தகத்தை எடுக்கப் போனேன்.

"இருக்கட்டும்டீ, அங்கேயே இருக்கட்டும். இங்கேயிருந்து நன்னாத் தெரியறது" என்றாள்.