ஓட்டு ஒரு பாவமன்னிப்புச் சீட்டா?

வேப்பம்பட்டிலிருந்து தினம் மின்சார ரயிலேறிச் சென்னைக்கு உத்தியோகம் பார்க்கப் போகிற என் சக பிரயாணிகளோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. பட்டா மாற்றக் கை நீட்டிய கிராம நிர்வாக அலுவலர், ரசாயனம் தடவிய நோட்டோடு பிடிபட்டார் என்று பத்திரிகையில் வந்தால், "நன்றாக வேண்டும்!" என்கிறார்கள். அதே பக்கத்தில் ஒரு சட்டசபை அங்கத்தினர் மீது புகார் வந்திருந்தாலோ, "அதை அடுத்த தேர்தலில் ஜனங்கள் பார்த்துக் கொள்வார்கள்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். அவரே மறுபடி ஜெயித்துவிட்டால், "மக்களே மன்னித்தாயிற்று ஸார், நாம் யார் கேட்க?"

இதை நான் ஒப்பமாட்டேன். ஓட்டுப் போடுகிறவன் சாட்சியை விசாரித்தானா? கணக்கைப் பார்த்தானா? சாலை, ஜாதி, சின்னம், எதிரே நிற்பவன் மீதுள்ள வெறுப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பொத்தானை அழுத்துகிறான். அதில் லஞ்ச வழக்கின் தீர்ப்பும் அடங்கிவிட்டதாமா?

செல்வி ஜெயலலிதாவின் சொத்து வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்குக்கு ஆதாரம் 1991 முதல் 1996 வரை அவர் முதலமைச்சராயிருந்த காலத்துக் கணக்கு. அவர் கட்சி 1996இல் தோற்றது, 2001இல் ஜெயித்தது, 2006இல் தோற்றது, 2011இல் ஜெயித்தது. தேர்தல்தான் தீர்ப்பென்றால் அவர் ஒரு தேர்தலில் குற்றவாளி, அடுத்ததில் நிரபராதி, மறுபடியும் குற்றவாளி, மறுபடியும் நிரபராதி! கணக்கோ அதே கணக்கு. பெங்களூர்த் தனி நீதிமன்றம் 2014 செப்டம்பரில் தண்டித்தது. கர்நாடக ஹைகோர்ட் 2015 மே மாதம் விடுவித்தது. 2016இல் கட்சி திரும்பவும் ஜெயித்தது. 2017 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், தனி நீதிமன்றத்தின் முடிவே சரி என்றபோது அவர் காலமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

கோர்ட்டு மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 1993 ஜூலையில் நரசிம்மராவ் சர்க்கார் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் 251க்கு 265 என்ற கணக்கில் தோற்றது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா அங்கத்தினர்கள் உள்ளிட்ட சிலர் பணம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டதாக வழக்கு. 1998இல் ஐந்து ஜட்ஜுகளில் மூன்று பேர் என்ன சொன்னார்கள்? பணம் வாங்கிச் சபையில் ஓட்டுப் போட்டவர்கள் மீது வழக்குத் தொடர முடியாது. அது அவர்களுடைய சபை உரிமை. பணம் வாங்கியும் ஓட்டுப் போடாமலிருந்தாராமே ஒருவர், அவருக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை! லஞ்சத்திலும் நாணயம் வேண்டும் போலிருக்கிறது. இந்த விசித்திரத்தை ஏழு ஜட்ஜுகள் கூடி ஏகமனதாகத் துடைத்தெறிந்தது 2024 மார்ச் 4ஆம் தேதி. இருபத்தாறு வருஷம்.

விரைவாக நடக்காதா என்றால், நடந்திருக்கிறது. 1951இல் தற்காலிகப் பார்லிமெண்டில் எச். ஜி. முத்கல் என்ற அங்கத்தினர், பம்பாய்த் தங்க வெள்ளி வியாபாரிகளிடம் பணம் பெற்று அவர்களுக்காகச் சபையில் கேள்வி கேட்டார் என்று புகார். அவர் நேருவின் சொந்தக் கட்சிக்காரர்தான். நேரு, தேர்தல் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஜூனில் கமிட்டி அமைந்தது, செப்டம்பரில் விவாதம். முத்கல் முந்திக்கொண்டு ராஜிநாமா எழுதிக் கொடுத்தார். சபை விடவில்லை, இவர் வெளியேற்றத் தக்கவர் என்று தீர்மானத்தில் எழுதி வைத்தது.

"ஆளுங்கட்சி பொய் வழக்குப் போட்டு எதிர்க்கட்சிக்காரனை ஒழித்துவிடுமே?" என்கிறார் ஒரு நண்பர். போடும், போடாமலா இருக்கும்? அதற்காகத்தான் வழக்கைச் சீக்கிரம் முடிக்கச் சொல்கிறேன். 1996இல் கொடுத்த புகாருக்கு 2014இல் முதல் தீர்ப்பு வந்ததே, அந்தப் பதினெட்டு வருஷத்தை ஒரு நிரபராதியின் தலையில் கட்டிப் பாருங்கள், ஸ்வாமி!