கணிப்பும் கவசமும்

வியாழனின் வளிமண்டலத்துள் 1995 டிசம்பர் 7 அன்று, கலிலியோ விண்கலம் அனுப்பிய ஆய்வுக்கலம் நொடிக்கு ஏறத்தாழ 47 கிலோமீட்டர் வேகத்தில் புகுந்தது. 339 கிலோகிராம் நிறையுடைய அக்கலத்தில் 152 கிலோகிராம் வெப்பக் கவசத்திற்கே உரியது. தான் கருகித் தேய்ந்து, உள்ளிருக்கும் கருவிகளைக் காப்பதே கவசத்தின் பணி. எவ்விடத்தில் எவ்வளவு தேயும் என்பதைக் கணினி மாதிரிகளைக் கொண்டே முன்கூட்டி அறிய வேண்டியிருந்தது. அத்தகைய நுழைவைப் புவியில் முழுமையாக நிகழ்த்திப் பார்த்தல் அரிது.

கலம் தப்பியது. ஆயினும், கவசத்துள் பதிக்கப்பட்டிருந்த உணரிகள் வேறொரு செய்தியைத் தெரிவித்தன. மூக்குப் பகுதி கணித்ததைவிடக் குறைவாகத் தேய்ந்திருந்தது. தோள் பகுதியோ மிகுதியாகத் தேய்ந்து மெல்லிய அடுக்காக எஞ்சியிருந்தது.

மாதிரிகளின் உறுதியின்மை இருவகைப்படும். காற்றின் அடர்த்தி மாறலாம். நுழையும் கோணம் சற்றே பிறழலாம். இவற்றின் மதிப்புகளை மாற்றி மாற்றி மாதிரியைப் பல்லாயிரம் முறை இயக்கி, விடைகளின் பரப்பைக் காண்பது மாண்டி கார்லோ முறை. முதல் வகைக்கு இது நன்மருந்து. மாதிரியில் இடம்பெறாத இயற்பியலால் விளையும் உறுதியின்மை இரண்டாம் வகை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? எத்தனை முறை இயக்கினும் இல்லாதது விடையில் தோன்றாது. இவ்விரண்டையும் கலந்து ஒரே எண்ணாக வழங்குவது, அந்த எண்ணை நம்பிக் கலத்தில் அமர்வோருக்கு இழைக்கும் தீங்காகும்.

கவசத்தைத் தடிமனாக்கி, கடுமையாகச் சோதித்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். ஆளின்றி நிலவைச் சுற்றி 2022 டிசம்பர் 11 அன்று திரும்பிய ஓரியன் கலம் இதற்கு விடை தந்தது. அதன் கவசத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கருகிய பகுதி பெயர்ந்திருந்தது. கவசப் பொருளுள் உண்டான வாயு வெளியேற வழியின்றி அழுத்தம் பெருகி விரிசல் கண்டதே காரணம் என நாசா கண்டறிந்தது. ஆய்வுக்கூடச் சோதனைகளோ உண்மைப் பயணத்தைவிடக் கடுமையான வெப்பத்தில் நடந்தவை. அக்கடுமையில் கருகிய அடுக்கு வாயுவுக்கு வழிவிட்டதால் குறை புலப்படவில்லை. மிகுந்த எச்சரிக்கையே குறையை மறைத்தது! நல்வாய்ப்பாக, கலத்தின் உள்வெப்பநிலை பாதுகாப்பான அளவிலேயே இருந்தது.

ஒவ்வொரு கிலோகிராமையும் எண்ணிச் சேர்க்கும் விண்பயணத்தில் உணரிகள் வீண்சுமையாகத் தோன்றக்கூடும். அவை கலத்தைச் செலுத்துவதில்லை, காப்பதுமில்லை. எனினும், மாதிரி அறியாததை அறிவிக்க வல்லவை அவையே. செவ்வாயில் 2012இல் இறங்கிய கியூரியாசிட்டி, 2021இல் இறங்கிய பெர்சவரன்ஸ் ஆகியவற்றின் கவசங்களில் அவை இடம்பெற்றன. மனிதரைச் சுமக்கும் கலத்தில் எடையைக் குறைக்க நேரிடின், உணரிகளைக் கடைசியாகவே கழற்ற வேண்டும்.