சட்டைப் பையில் ஒரு கத்தி

கத்தி என்றவுடன் சில பெரியோர்கள் முகம் சுளிக்கிறார்கள். நாம் சொல்ல வந்தது அடிதடிக்காரர்களின் கத்தியை அன்று. மூன்று அங்குல நீளத்துக்கு மடங்கி, சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் சாதுவாகப் படுத்துக் கிடக்கும் பேனாக் கத்தியைப் பற்றியே சொல்லுகிறோம்.

பெயரே அதன் குலத்தைச் சொல்லிவிடும். மேல்நாட்டார் பறவை இறகைச் சீவி எழுதிய காலத்தில், மழுங்கிய முனையைத் திருத்துவதற்கென்று ஏற்பட்ட கத்தி அது. எஃகு முள் வந்தது, இறகு போயிற்று. கத்தி மட்டும் பழைய பெயரோடு பிழைத்துக்கொண்டது. நம் முன்னோர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். ஓலையில் எழுதியவர்களிடம் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒருபுறம் எழுத்தாணி, மறுபுறம் ஓலை வாரும் கத்தி. இரண்டையும் பிடிக்குள் மடக்கிவிடலாம். ஸ்விட்ஸர்லாந்தில் கார்ல் எல்ஸனர் என்பவர் 1891-இல் ராணுவத்துக்குக் கொடுக்கத் தொடங்கிய மடக்குக் கத்தியில், துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளியும், டப்பா திறக்க ஒரு கருவியும் இருந்தன. சிப்பாய்க்குக் கொடுத்ததுங்கூடச் சில்லறை வேலைக்கான கத்திதான்!

இந்நாளில் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தால் நடக்கும் கூத்தைப் பார்க்க வேண்டும். ஒருவர் சாவியால் கீறுகிறார். ஒருவர் சமையலறைக்கு ஓடுகிறார். மூன்றாமவர் பல்லைப் பிரயோகிக்கிறார். பல் வைத்தியர்களுக்கு இதனால் லாபம் உண்டோ என்னவோ, பல்லுக்கு நஷ்டம் நிச்சயம். ரயில் பிரயாணத்தில் மாம்பழத்தை நான்கு பேருக்குப் பங்கிடவும், ரோஜாக் கொப்பைப் பட்டை உரியாமல் எடுக்கவும், சணல் முடிச்சுடன் மல்லுக்கட்டாமல் இருக்கவும் ஒரு சிறு அலகு போதும். ஆகாய விமானத்தில் மட்டும் அதைக் கையோடு கொண்டு போக முடியாது. பெரிய பெட்டியில் வைத்து ஒப்படைத்துவிட வேண்டும்.

மழுங்கிய கத்திதான் அபாயமானது என்பதைப் பலர் நம்புவதில்லை. கூரான கத்தி சொன்ன இடத்தில் இறங்கும். மழுங்கியதை அழுத்த வேண்டியிருக்கிறது, அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் விரல். ஆகையால் சாணைக்கல்லில் அவ்வப்போது நாலு இழுப்பு இழுத்துக்கொள்வது அவசியம். துருவேறும் எஃகாக இருந்தால், மாங்காயோ எலுமிச்சையோ நறுக்கியவுடன் துடைத்துவிட வேண்டும். புளிப்புப் பட்டால் அலகு கறுத்துப் போகும். இன்னொன்று: சாதாரண மடக்குக் கத்தியின் அலகை முதுகிலுள்ள வில்தகட்டின் அழுத்தமே நிறுத்தி வைக்கிறது, பூட்டு ஏதும் இல்லை. நுனியால் குத்தித் துளைக்கப் பார்த்தால் அலகு திரும்பி விரல்மீதே மடங்கும்.

பள்ளிக்கூடத்தில் கத்தி கூடாது என்ற விதியை நாம் குறை கூறவில்லை. நூற்றுக்கணக்கான சிறுவர்கள் முண்டியடிக்கும் இடத்தில் அது நியாயமே. ஆனால் அந்த விதியை வீட்டுக்கும் கொண்டுபோனது யார்? ஒரு வகுப்பில் நாம் கேட்டோம்: "உங்களில் யார் தாமே ஒரு மாங்காயை நறுக்கியிருக்கிறீர்கள்?" பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், தூக்கிய கைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களைக் கைவிளக்கின் திரியைக்கூடத் தொடவிடாமல் வளர்த்துவிட்டு, பிறகு "ஒன்றுக்கும் உதவாதவன்" என்று வைகிறோம்.

பையனோ பெண்ணோ, பத்து வயதில் முதலில் பென்ஸில் சீவட்டும். அடுத்து சோப்புக் கட்டி. கை பழகிய பின் வேப்பங்குச்சி. உட்கார்ந்துதான் வெட்ட வேண்டும். அலகு உடம்பை விட்டு வெளிப்புறமாகப் போக வேண்டும். இன்னொருவர் கையில் கொடுக்கும்போது மடக்கியே கொடுக்க வேண்டும். அப்பாவோ அம்மாவோ தாத்தாவோ பக்கத்தில் அமர்ந்து இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். விரலில் சிறு கீறல் விழலாம். கழுவித் துணி சுற்றினால் இரண்டு நாளில் ஆறிவிடும்.